ஜெபமும் வரவில்லை, தகுதியும் இல்லை என்று தோன்றும்போது: ஒரு தங்கச்சிக்குப் பதில்

திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கினால் விஷயம் இதுதான். உயர்தரப் பரீட்சை இரண்டு தடவை எழுதியும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டது. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். கொஞ்சக் காலமாக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. இதற்கிடையில் வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், "உன் விசுவாசம் காணாது, உன் அம்மம்மா கோணேசர் கோயிலுக்குப் போனவர், அந்தச் சாபம் வீட்டில் நிற்கிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து திருவிருந்தில் அப்பம் வாங்க முன்னால் போக அவருக்குக் கூசுகிறது. அவர் கேட்பது: "சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களே விசுவாசத்தில் நிற்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி? எனக்கே நம்பிக்கை இல்லாதபோது பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது பொய் இல்லையா? என்மேல் உள்ள நம்பிக்கையும் போய்விட்டது, தேவன்மேல் உள்ளதும் போய்விட்டது. எதை முதலில் சரிசெய்வது?"

தங்கச்சி, சாபக் கதையை முதலில் அப்புறப்படுத்துவோம், அது லேசான வேலை. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, இவன் பாவமா, இவனைப் பெற்றவர்களின் பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). தகப்பனுடைய அக்கிரமத்தைப் பிள்ளை சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 ஓர் அதிகாரம் முழுக்கப் பேசுகிறது. நம் ஊரில் நாலு தலைமுறை பின்னால் போனால் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைப் படி ஏறாத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் எத்தனை இருக்கும்? அதெல்லாம் சாபம் என்றால் முதலில் அந்த ஊழியக்காரர் தன் வீட்டைப் பார்க்கட்டும். உங்கள் அம்மம்மா தனக்குத் தெரிந்த வழியில் கும்பிட்டார். உங்களையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருப்பார். அவரைப் பற்றிக் கூசாமல் நன்றியோடு நினையுங்கள். இந்தப் பேச்சு இத்துடன் போதும்.

"விசுவாசம் காணாது" என்ற சொல்தான் ஆழமாகக் குத்தியிருக்கிறது, அதை ஆறுதலாகப் பார்க்க வேண்டும்.

மாற்கு 9இல் ஒரு தகப்பன் வருகிறான். பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு, நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறது. சீஷர்களிடம் கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று, முடியவில்லை. அவன் இயேசுவிடமே "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றுதான் கேட்கிறான். அந்த "கூடுமானால்" என்பதில் எவ்வளவு களைப்பு இருக்கிறது, பாருங்கள். பிறகு கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறான். பாதி நம்பிக்கை, பாதி அவநம்பிக்கை, ஒரே மூச்சில். "மிச்சப் பாதியையும் கொண்டுவா, பிறகு பார்ப்போம்" என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை சுகமாகி எழுந்தான். விசுவாசத்தின் அளவைப் பற்றி இயேசு பேசும் இடத்தில் அவர் எடுத்துக்காட்டுவது கடுகுவிதை. நம் சமையலறையில் அதைவிடச் சிறிதாக என்ன இருக்கிறது?

விசுவாசத்தை ஒரு கட்டணம் மாதிரி நினைத்துவிட்டதால் வரும் குழப்பம் இது. இவ்வளவு செலுத்தினால் இவ்வளவு கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் நீ குறையச் செலுத்தினாய் என்ற கணக்கு. இந்தக் கணக்கில் சொல்பவர் ஒருபோதும் பிழைவிடுவதில்லை, கேட்பவர்தான் எப்போதும் கடன்காரர். எபிரெயர் நிருபம் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறது. கடலோடு வாழும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. வாடைக்காலத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளமும் ஆடத்தான் செய்யும். உள்ளே இருப்பவனுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், கயிறு அறுந்துவிட்டதோ என்றும் தோன்றும். நங்கூரம் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை அவன் வயிற்றைக் கேட்டு முடிவு செய்ய முடியாது. அது கீழே எதைப் பிடித்திருக்கிறது என்பதுதான் விஷயம். உங்கள் ஜெபத்தில் உணர்ச்சி வற்றியதை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்கப் போனதுதான் அந்த ஊழியக்காரர் செய்த பிழை. இப்போது அதையே நீங்களும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

சரி, எதை முதலில் சரிசெய்வது என்ற கேள்விக்கு வருவோம். என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: உங்கள்மேல் உள்ள நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

டியூஷன் வகுப்புச் சுவரில் "உன்னால் முடியும்" என்று ஒட்டியிருக்கும். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் அது நல்ல மருந்துதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வேதாகமத்தில் தன்னைச் சந்தேகித்த ஒருவருக்காவது தேவன் அந்தப் பதிலைச் சொன்னதாக எனக்குக் காட்டுங்கள். முட்செடி எரிந்த இடத்தில் மோசே, பார்வோனிடம் போக "நான் எம்மாத்திரம்" என்றான். "அப்படிச் சொல்லாதே, நீ எகிப்தின் அரண்மனையில் வளர்ந்தவன், படித்தவன், உனக்கு இல்லாத தகுதியா" என்று பதில் வந்திருக்கலாம். அதெல்லாம் உண்மையும்கூட. வந்த பதில் வேறு: "நான் உன்னோடே இருப்பேன்." கேள்வி "நான் யார்" என்று இருந்தது, பதில் "நான்" என்று தொடங்கியது. கிதியோன், மனாசே கோத்திரத்தில் தன் குடும்பம் எளியது, வீட்டில் தானே சிறியவன் என்றான். இல்லை, நீ பெரியவன் என்று யாரும் அவனோடு வாதாடவில்லை. அவனுக்கும் அதே வாக்குத்தான். எரேமியா, தான் சிறுபிள்ளை, பேசத் தெரியாது என்றான். அப்படிச் சொல்லாதே என்று ஒரு கண்டிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அதே "நான் உன்னோடே இருக்கிறேன்" என்பதும் வந்தது. மோசேயின் மந்தமான நாவு கடைசிவரைக்கும் திருந்தியதாக எங்கேயும் எழுதவில்லை. பக்கத்தில் அண்ணன் ஆரோனைத் தேவன் நிறுத்தினார், வேலை நடந்தது.

ஆக, "நான் எம்மாத்திரம்" என்பது பாவமான கேள்வி என்று நினைக்காதீர்கள். அதற்கு உங்களுக்குள்ளேயே பதில் தேடி, ஒவ்வொரு இரவும் உங்கள் தோல்விகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதுதான் ஆளைத் தின்கிறது.

தோல்வி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது விசுவாசத்தைச் சேர்ந்தது இல்லை, கணக்கைச் சேர்ந்தது. பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பெரும்பாலான துறைகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நம் திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருந்து வந்தது. அதே இசட் புள்ளியோடு, அதாவது தரப்படுத்திய பரீட்சைப் புள்ளியோடு, ஒரு மாவட்டத்தில் ஒரு பிள்ளை உள்ளே போகும், இன்னொரு மாவட்டத்தில் வெளியே நிற்கும். இடங்களைப் பங்கிட மனிதர்கள் போட்ட ஓர் ஏற்பாடு, அதற்கு நியாயங்களும் உண்டு. அந்த வெட்டுப்புள்ளியைப் பரலோகத்திலிருந்து வந்த தீர்ப்பாக நீங்கள் வாசிக்கிறீர்கள். அது வேண்டாம்.

இனி ஜெபம் வற்றிப்போன விஷயம். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த இடம் 1 இராஜாக்கள் 19. தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவன். அடுத்த நாளே யேசபேல் ராணியின் ஓர் எச்சரிக்கை வருகிறது, ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனையும் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறான். செத்துப்போக வேண்டும் என்று கேட்கிறான். காரணமும் சொல்கிறான்: தன் முன்னோரைவிடத் தான் நல்லவன் இல்லையாம். உங்கள் மடலில் இருந்த அதே சொல் இது, வேறு உடுப்பில்.

இந்த மனிதனுக்குத் தேவன் முதலில் என்ன செய்தார் என்று கவனியுங்கள். பிரசங்கம் இல்லை. கண்டிப்பு இல்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்: தழலில் சுட்ட அடை, தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்கும் ஏச்சு இல்லை. இரண்டாம் முறை எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. எலியா முறையிடுகிறான். காற்று, பூமியதிர்ச்சி, நெருப்பு, அப்புறம் மெல்லிய சத்தம். மறுபடியும் அதே கேள்வி, எலியாவின் வாயில் சொல்லுக்குச் சொல் அதே முறையீடு. அவ்வளவு பெரிய காட்சியைப் பார்த்தும் அவன் மனநிலை ஓர் அங்குலம்கூட மாறவில்லை! எனக்கு இது பெரிய ஆறுதல். தேவன் அதற்கும் கோபப்படாமல் வேலை கொடுக்கிறார், எலிசா என்ற துணையைக் கொடுக்கிறார், "நான் ஒருவன்தான் மிச்சம்" என்ற அவன் கணக்கைத் திருத்தி ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார்.

இதிலிருந்து உங்களைச் சில கேள்விகள் கேட்கிறேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? படுத்தால் நித்திரை வருகிறதா? கடையில் இருந்து வந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, இல்லை ஒரு பிளேன்டீயோடு போனைப் பார்த்துக்கொண்டே இரவு கழிகிறதா? மாதக்கணக்காக இதை எல்லாம் யாரிடமாவது வாய்விட்டுக் கதைத்தீர்களா? ஆவிக்குரிய வறட்சி என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு உடம்பின் களைப்பு, ஒரு பங்கு தனிமை. எலியாவுக்கு அடையும் நித்திரையும் தேவைப்பட்டது என்றால் நமக்கு என்ன வெட்கம்?

நித்திரை இல்லாமை, சாப்பாடு வேண்டாம் என்ற நிலை, எதிலும் பிடிப்பில்லாமை, இவை இரண்டு கிழமைக்கு மேலாகத் தொடர்ந்தால், அல்லது செத்தால் நல்லது என்ற நினைப்பு ஒரு தடவையாவது வந்திருந்தால், போதகரிடம் போவதோடு நிற்காமல் வைத்தியரிடமும் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் காசு இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் சொன்னால், ஸ்பர்ஜனைப் பற்றிச் சொல்லுங்கள். இலண்டனில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்தவர் அவர். 1856 ஒக்டோபரில் அவருடைய கூட்டத்தில் யாரோ "நெருப்பு" என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அந்த அதிர்ச்சியும் மனச்சோர்வும் வாழ்நாள் முழுக்க அவரை விட்டுப்போகவில்லை, அதை அவர் மேடையிலேயே மறைக்காமல் பேசினார். அவரைவிட அந்த ஊழியக்காரருக்கு விசுவாசம் கூடவா?

சுனாமியைச் சொல்லி உங்களையே அடித்துக்கொள்கிறீர்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். இந்தக் கரையில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் எல்லாரும் அசையாமல் நின்றார்கள் என்று யார் சொன்னது? பல வருடம் ஆராதனைக்கு வராமல் இருந்து பிறகு வந்தவர்கள் இருக்கிறார்கள். வந்தும் பாட்டுப் பாடும்போது வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். வெளியே தெரிவதை வைத்து அவர்களைத் தூணாக்கி, அந்தத் தூணில் உங்கள் தலையை முட்டிக்கொள்ளாதீர்கள். யோபுவின் கூட்டாளிகள் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட இருந்தார்கள், அது அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் தேவன் யார் பக்கம் பேசினார் என்று தெரியும்தானே? தேவனுக்காக வக்காலத்து வாங்கிய கூட்டாளிகள் பக்கம் இல்லை, தேவனோடு சண்டை போட்ட யோபுவின் பக்கம்.

ஜெபத்தில் வார்த்தை வரவில்லை என்றால் சொந்த வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். சங்கீதம் 42ஐ எடுத்து வாய்விட்டு வாசியுங்கள், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்று ஒருவன் தன்னோடு தானே கதைப்பது அது. அதுவும் முடியாத நாளில் 88. அந்தச் சங்கீதத்தில் கடைசி வரிவரைக்கும் விடிவதில்லை. ஆனாலும் அதைக் கிழித்துப் போடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இரவும் பகலும் கூப்பிடுகிறேன், பதில் இல்லை என்று தேவனிடமே சொல்வதும் ஜெபம்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்து, உணர்ச்சி வருகிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதேபோல, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவத்தை மறுபடி மறுபடி அறிக்கையிடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது மனந்திரும்புதல் மாதிரித் தெரியும், உள்ளே பயம் மட்டும்தான் இருக்கும்.

அந்தப் பயத்தை நன்றாக அறிந்த ஒருவர் லொயோலா இஞ்ஞாசியார். நான் மெதடிஸ்தன், ஆனால் நம் ஊரில் அவருடைய இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையாரை அறியாமல் யாரும் வளர முடியாது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உண்டானபோது அவர்களிடம்தான் ஒப்படைக்கப்பட்டது, புனித சூசையப்பர் கல்லூரியில் படித்த எந்த மதத்தவருக்கும் அவர்களைத் தெரியும். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினில் மன்றேசா என்ற ஊரில் மாதக்கணக்காக, சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி, தன்னையே முடித்துக்கொள்ளும் சோதனைவரைக்கும் போனவர். அதிலிருந்து மீண்டு அவர் எழுதி வைத்த ஒரு விதி எல்லாச் சபையாருக்கும் உதவும்: மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. வறட்சிக்கு மூன்று காரணங்களையும் சொல்கிறார். நம்முடைய அசட்டை ஒன்று. பரிசு எதுவும் கிடைக்காமல் நாம் எவ்வளவு தூரம் நடப்போம் என்று பார்க்கப்படுவது இன்னொன்று. ஆறுதல் என்பது நாம் உழைத்துச் சம்பாதிப்பது இல்லை, கொடுக்கப்படுவது என்று நமக்குப் புரிய வைப்பது மூன்றாவது. அந்த ஊழியக்காரருக்கு முதல் காரணம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

ஓய்வுநாள் பாடசாலையை விடலாமா என்ற கேள்விக்கு இந்த விதியே பாதிப் பதில். இப்போது விடாதீர்கள். மனம் தெளிந்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அப்போது விடுங்கள், யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை.

மீதிப் பாதி, அது பொய் இல்லையா என்பது. இதற்கு மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லியையே கூப்பிடுகிறேன். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் மிஷனரியாகப் போய், தோற்றுப்போனவராக 1738 தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பியவர் அவர். தனக்கு இரட்சிக்கும் விசுவாசம் இல்லை என்று தெரிந்தபோது அவருக்கும் உங்களுடைய கேள்விதான் வந்தது: எனக்கே இல்லாததை மற்றவர்களுக்கு எப்படிப் பிரசங்கிப்பது, நிறுத்திவிடவா? பீற்றர் போலர் என்ற மொரேவிய சபைச் சகோதரர், நிறுத்தாதே, விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தைப் பிரசங்கி, கிடைத்த பிறகு கிடைத்ததால் பிரசங்கிப்பாய் என்ற கருத்தில் சொன்னார். அந்த மே 24ஆம் திகதி ஒல்டர்ஸ்கேற் வீதிக் கூட்டத்தில் அவர் இருதயம் அனல்கொண்ட கதையை நம் சபைகளில் வருடா வருடம் சொல்கிறோம். அதோடு நிறுத்திவிடுவதுதான் பிழை. 1739 ஜனவரி 4ஆம் திகதி, அந்த அனுபவத்துக்கு ஏழு மாதம் கழித்து, தான் இப்போது கிறிஸ்தவன் இல்லை என்று அவர் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஏப்ரல் 2ஆம் திகதி பிரிஸ்ரலுக்குப் பக்கத்தில் முதன்முதலாகத் திறந்த வெளியில் நின்று ஏழைகளுக்குப் பிரசங்கித்தார். இடையில் மூன்றே மாதம். மெதடிஸ்த இயக்கம் அந்த மூன்று மாதத்துக்கு இந்தப் பக்கத்தில்தான் வெளியே பரவியது. சந்தேகம் தீர்ந்தவர்கள் மட்டும் வேலை செய்யலாம் என்று இருந்திருந்தால், நீங்கள் படிப்பிக்கும் பாடசாலையே இருந்திருக்காது.

இந்தக் கரைக்கு அந்தச் செய்தி வந்த கதையும் ஒழுங்கான வெற்றிக் கதை இல்லை. இலங்கை மிஷனுக்காகப் பாடுபட்டுக் கப்பலேறிய மெதடிஸ்த ஊழியர் தோமஸ் கோக் 1814 மே 3ஆம் திகதி நடுக்கடலில் இறந்தார், உடலைக் கடலில்தான் அடக்கம் செய்தார்கள். தலைவர் இல்லாமல் கூட வந்த இளம் மிஷனரிகள் ஜூன் 29இல் காலியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் வரும் வழியில் மனைவியைப் பறிகொடுத்தவர். தனியாக மட்டக்களப்புக்கு வந்து, சில மாதம் உழைத்து, 1815 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடக்கியது, இன்றும் இருக்கிறது. "பார், கடைசியில் எல்லாம் நல்லதாக முடிந்தது" என்று காட்ட இதை எடுக்கவில்லை. ஓல்ட் அதைப் பார்க்காமலே போனார். சாகக் கிடந்தபோது அவர் தன் வாழ்க்கையைக் கணக்குப் பார்த்திருந்தால் என்ன தொகை வந்திருக்கும்? நாம் நம்மைப் பற்றிப் போடும் கணக்கு எவ்வளவு அரைகுறையானது என்று சொல்லத்தான் அவரைக் கொண்டுவந்தேன்.

இனித் திருவிருந்து. தகுதி இல்லாமல் புசிப்பதைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 11இல் எழுதியது உங்களைப் பயமுறுத்தியிருக்கும். முழுதாக வாசியுங்கள். வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள், அந்த அவமரியாதையைத்தான் அவர் கண்டிக்கிறார். ஜெபம் வரவில்லையே என்று கலங்கும் பிள்ளையை அவர் கண்டிக்கவில்லை. தன்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு விலகி நில் என்றும் அங்கே இல்லை. சோதித்துப் பார்த்துவிட்டுப் புசிக்கச் சொல்கிறார். முதல் திருவிருந்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பாருங்கள். சேவல் கூவுவதற்கு முன் மூன்று தடவை மறுதலிக்கப்போகிற பேதுருவுக்கும் அப்பம் கொடுக்கப்பட்டது. கொடுத்தவருக்கு அது முன்பே தெரியும். "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று அன்றைக்கே சொல்லியும் வைத்தார். விழாமல் இருப்பாய் என்று வாக்குக் கொடுக்கவில்லை, விழுவாய் என்று தெரிந்துகொண்டே வேண்டிக்கொண்டார். வருகிற ஞாயிறு திருவிருந்து இருந்தால் முன்னால் போங்கள். கூச்சம் இருந்தால் கூச்சத்தோடே போங்கள்.

பேதுருவின் மிச்சக் கதை யோவான் 21இல் இருக்கிறது, அது நம்மைப் போன்ற மீன்பிடி ஊர்களுக்கே எழுதினது மாதிரி. இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் படவில்லை. விடியற்காலை கரையில் இயேசு கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். பேதுரு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான் என்று அதே யோவான் சொல்லியிருக்கிறார். மறக்க நினைத்த இடத்துக்கே ஆளைக் கூட்டிவந்து, ஆனால் இந்த முறை முதலில் சாப்பாடு கொடுத்து, பிறகுதான் கேள்வி: "நீ என்னை நேசிக்கிறாயா?" எத்தனை தடவை மறுதலித்தானோ அத்தனை தடவை. முன்பு "எல்லாரும் ஓடினாலும் நான் ஓடமாட்டேன்" என்று மார்தட்டின பேதுருவின் வாயில் இப்போது அந்த மாதிரிப் பேச்சு வரவில்லை. "நீர் எல்லாவற்றையும் அறிவீர்" என்கிறான். தன் அன்பைத் தானே அளந்து காட்டுவதை விட்டுவிட்டு, அறிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டான். தன்னம்பிக்கை செத்துப்போன இடத்தில் நின்றுதான் அவன் "என் ஆடுகளை மேய்" என்ற வேலையை வாங்குகிறான். என்மேல் நம்பிக்கை போய்விட்டதே என்று கேட்டீர்களே தங்கச்சி, பேதுருவுக்கும் அது திரும்பி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நேரத்துக்குப் படுங்கள், சாப்பிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், சத்தமாக. உங்கள் சபையில் வாயடக்கம் உள்ள ஒரு அக்காவையோ போதகரையோ பிடித்து, எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். ஜெபித்துவிட்டு அதைக் கூட்டத்தில் அறிவிக்கிற ஆளாக இருக்கக் கூடாது. அந்த ஊழியக்காரர் மறுபடி வந்தால் அவரோடு வாதாட வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

அடுத்த வகுப்புக்கு யோவான் 21ஐயே எடுங்கள். பிடிபட்டது 153 மீன் என்று வரும்போது, எதற்கு எண்ணினார்கள் என்று யாராவது கேட்கும். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று பழங்காலச் சபைத் தந்தை அகஸ்தீன் கவனித்திருக்கிறார், பெரிய பிள்ளைகளைக் கூட்டிப் பார்க்க விடுங்கள், கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். திருக்கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் அதற்கு முன்பே கையைத் தூக்கி, வள்ளத்தில் வந்த ஆட்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். அந்தப் பதிலையும் சரி என்று போடுங்கள்.